ஒரு கண்ணுக்கு மட்டும் சம்மதம்

உங்க வீட்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. முழங்கால் வீங்கி சுவரைப் பிடிச்சு நடப்பாங்க, கேட்டா "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கன்னு சொன்னதும் "அது வாயு" என்று ஒரு கோலி சோடாவுல முடிச்சுடுவாங்க. ஹாஸ்டல்ல எங்க ரூம்ல நாலு பேர். ஒருத்தியோட தாத்தா காது கேக்காம டிவியை ஃபுல் வால்யூம்ல வச்சு தெருவுக்கே சீரியல் போடுறார், மெஷின் மட்டும் வைக்க மாட்டேங்கிறார். இன்னொருத்தியோட பாட்டி பிரஷர் மாத்திரையை எல்லாம் துளசி மாடத்துல புதைச்சு வச்சிருந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க. கடைசியில எல்லாரும் ஒரே வார்த்தைக்குத்தான் வந்து நிக்கிறோம்: "சரியான பிடிவாதம்டி."

அந்த வார்த்தை மேல எனக்கு இப்போ நம்பிக்கை இல்லை. ஏன்னு சொல்றதுக்காகத்தான் இந்தக் கட்டுரை. (தமிழ் எனக்கு பன்னிரண்டாவது வரைக்கும் மார்க்குக்கான பாடம் மட்டும்தான். 'கண்புரை'க்கு எந்த ர-ன்னு அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் எழுதுறேன். எடிட்டர் அக்கா பொறுத்துக்கணும்.)

எங்க அப்பத்தாவுக்கு வயசு எழுபத்து நாலு. திண்டுக்கல் மாவட்டத்துல, நிலக்கோட்டைக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டின தூரம் பூச்செடிதான். அப்பத்தாவுக்கு அரை ஏக்கர் மல்லிகை இருக்கு. விடியறதுக்கு முன்னாடி மொட்டு பறிச்சு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பணும், வெயில் ஏறினா மொட்டு விரிஞ்சு விலை போயிடும். மிச்ச பூவைத் திண்ணையில உக்காந்து கட்டும். வாழைநாரை ஈரத்துல நனைச்சு வச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே, தெருவுல போறவங்களைத் திட்டிக்கிட்டே முழம் முழமாக் கட்டித் தள்ளும். கையைப் பாக்கவே பாக்காது.

அதுதான் பிரச்சினை. கையைப் பாக்காமலே வேலை நடந்ததால, கண்ணு போய்க்கிட்டிருக்குன்னு ரொம்ப நாள் எங்க யாருக்கும் தெரியல.

முதல்ல கவனிச்சது அம்மா. பொங்கலுக்குப் போயிருந்தப்போ அப்பத்தா எங்களை எல்லாம் பேசின பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிடுதுன்னு அம்மா சொன்னாங்க. சத்தம் வராம உள்ள போய் நின்னா "யாரு?" என்று கேக்குது. அப்புறம் நானும் பார்க்க ஆரம்பிச்சேன். படியில இறங்கறப்போ ஒரு காலால அடுத்த படியைத் தேடிப் பிடிச்சுட்டுத்தான் இறங்கும். வலது கண்ணுல கருவிழிக்கு நடுவுல சாம்பல் கலர்ல ஒரு வட்டம். வெயில்ல நின்னா அது மோர் மாதிரி வெள்ளையாத் தெரியும்.

ரூபா நோட்டு விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். அப்பத்தா நோட்டைக் கண்ணால பாத்து எண்ணாது, விரலால அளக்கும். ஒரு நோட்டு மேல இன்னொண்ணை வச்சு, ஓரத்தை நீவி, எது நீளம்னு பாக்கும். பழைய நூறு ரூபா நோட்டு 157 மில்லிமீட்டர், பழைய ஐந்நூறு 167. நடுவுல 10 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்துச்சு. 2016க்கு அப்புறம் வந்த நோட்டுங்கள்ல நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அதாவது அடுத்தடுத்த நோட்டுக்கு நாலே நாலு மில்லிமீட்டர். எங்க மெட்ராலஜி லேப்ல வெர்னியரை வச்சுக்கிட்டு நாங்க திணறுற இடத்துல, அப்பத்தா கட்டைவிரலாலயே மூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கு. அதுலயும் ஒரு நாள் தப்பிச்சு. நூறுன்னு நினைச்சு ஐந்நூறை யாருக்கோ கொடுத்துடுச்சு, வாங்கினவங்க வாயைத் திறக்கல. இதை அது எங்க யார்கிட்டயும் சொல்லல. எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

சரி, வீட்ல எல்லாரும் சும்மா இருந்தாங்களா? இல்லவே இல்ல. அப்பா கத்திப் பாத்தாரு. "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரும்மா பாக்குறது?" அப்பத்தா அதுக்கு, "உன்னைய யாரு பாக்கச் சொன்னா"ன்னு ஒரே போடு. பெரியப்பா பயமுறுத்திப் பாத்தாரு. சென்னையில இருக்கிற அத்தை வீடியோ காலில் அழுதாங்க, "பேத்தி கல்யாணத்தைக் கண்ணால பாக்க வேணாமாம்மா?" (பேத்தி நான்தான். என்னைக் கேக்காமலே என் கல்யாணத்தை வச்சு பேரம்.) அத்தை பையன் யூடியூப்ல கண் ஆபரேஷன் வீடியோவையே போட்டுக் காட்டினான். கண்ணு தெரியாதவங்களுக்கு வீடியோ. அப்பத்தா ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ் கமென்டரியை மரியாதையாக் கேட்டுட்டு, "நல்லாப் பேசுறான், யாரு இவன்?"னு கேட்டுச்சு.

அப்பத்தாவோட பதில் மாசத்துக்கு ஒண்ணு மாறும். தை முடியட்டும். வெயில் காலத்துல கண்ணுல கத்தி வைக்கக்கூடாது. ஆடியில எவனாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவானா? இன்னும் புரை முத்தல, முத்தட்டும். இதுல கடைசியா சொன்னதை நாங்க சாக்குன்னு நினைச்சோம். ஆனா அது சாக்கு இல்ல. ஒரு காலத்துல டாக்டருங்களே அப்படித்தான் சொல்லி அனுப்புவாங்க. அப்போ கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸை முழுசா, உறையோட வெளிய எடுக்கிற முறை. புரை நல்லா முத்தினாத்தான் எடுக்கத் தோது. இப்போ அந்த முறையும் இல்ல, அந்தக் காத்திருப்பும் தேவையில்ல. இன்னும் சொல்லப்போனா ரொம்ப முத்த விட்டா லென்ஸ் ஊதிப்போய், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, நரம்பே கெட்டுப்போகலாம். நரம்பு போச்சுன்னா எந்த ஆபரேஷனும் அந்தப் பார்வையைத் திருப்பித் தராது. அப்பத்தாவுக்கு யாரோ சரியாத்தான் சொல்லியிருக்காங்க, ஆனா நாப்பது வருஷத்துக்கு முன்னாடி.

போன செமஸ்டர் எங்களுக்கு குவாலிட்டி இன்ஜினியரிங் பேப்பர். அதுல 'ஃபைவ் வைஸ்' என்று ஒண்ணு வரும், டொயோட்டாக்காரங்களோடது. மெஷின் நின்னுபோச்சுன்னா ஏன் நின்னுச்சு, அது ஏன், அது ஏன்னு அஞ்சு தடவை கேட்டுக்கிட்டே போனா அடியில இருக்கிற காரணம் வந்துடும்னு சொல்வாங்க. ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனப்போ, நோட்ஸ் படிக்கிற சோம்பேறித்தனத்துல, இதை அப்பத்தா மேல போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. மெஷினுக்கும் அப்பத்தாவுக்கும் உள்ள வித்தியாசம், மெஷின் திருப்பிக் கேள்வி கேக்காது. முதல் 'ஏன்'லயே "நீ ஏன் இப்படி எளைச்சுப் போயிருக்க"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் என் ஹாஸ்டல் சாப்பாடு பத்திப் போச்சு.

மூணு சாயங்காலம் ஆச்சு. நான் மொட்டை ரெண்டு ரெண்டா எடுத்துக் கொடுப்பேன், அது கட்டும். முதல் நாள் பூ விலையைப் பத்திச் சொல்லுச்சு. செடியை யாரு பாக்குறது, ஆளு வச்சா கூலி கட்டுமான்னு. ரெண்டாம் நாள் கொஞ்சம் குரலை இறக்கி, "உங்கப்பனும் பெரியப்பனும் யாரு காசு குடுக்கறதுன்னு அடுப்படில நின்னு பேசினாங்க. எனக்குக் கண்ணுதான தெரியாது, காது கேக்கும்ல"ன்னு சொல்லுச்சு. நான் ஒண்ணும் பேசல. அப்பா பெரியப்பா பேசினதுல கெட்ட எண்ணம் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவுல ஒரு சுவர்தான்.

மூணாம் நாள்தான் அந்தக் கதை வந்துச்சு.

"எம்ஜியார் ஒடம்புக்கு முடியாம அமெரிக்கா போனாருல்ல, அந்த வருசம்"னு ஆரம்பிச்சுச்சு. 1984. அப்பத்தா அப்போ வீட்டு மருமக. அதோட மாமியாருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஏதோ ஒரு ஊர்ல பள்ளிக்கூடத்துல முகாம் போட்டிருந்தாங்களாம். எந்த முகாம், யாரு நடத்தினதுன்னு இப்போ யாருக்கும் ஞாபகம் இல்ல. மாமியார் வரமாட்டேன்னு ஒரே பிடி. அப்பத்தாதான் பேசிப் பேசி, கெஞ்சி, சத்தியம் பண்ணி, மாட்டு வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சு, அசையாம மல்லாக்கப் படுக்கணும்னு சொல்லியிருக்காங்க. அப்போ பல இடத்துல அதுதான் முறை. கண்ணுல போட்ட வெட்டு பெருசு, அது ஒட்டுற வரைக்கும் இருமக்கூடாது, தும்மக்கூடாது. மாமியாருக்கு ஏற்கனவே இளைப்பு. இருமாம எப்படி இருக்க முடியும்? நாலாம் நாள் கட்டு நனைஞ்சு சீழ் வந்துச்சு. அந்தக் கண்ணு போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தக் கிழவி உயிரோட இருந்து, தினமும் காலையில எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "என் கண்ணைத் தோண்டிட்டு வந்தவ."

"நான்தான கூட்டிட்டுப் போனேன், தாயி"ன்னு அப்பத்தா சொல்லுச்சு. கை நிக்காமக் கட்டிக்கிட்டே இருந்துச்சு. "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கப்பன் அந்தப் பேரைச் சொமக்கணும். இல்லன்னா நீ சொமக்கணும். அது வேணாம்."

இதைத்தான் நாங்க மூணு வருஷமா பிடிவாதம்னு சொல்லிக்கிட்டிருந்தோம்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். அப்பத்தாவோட பயத்துல ஒரு பொய்யும் இல்ல. 1984ல, இந்த ஊர்ல, அது பார்த்தது எல்லாம் நிஜம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சவங்களுக்கும் லென்ஸே இல்லாத கண்ணுதான் மிச்சம், அதனால சோடாபுட்டி கண்ணாடி. அதைக் கழட்டினா ஒண்ணும் தெரியாது, போட்டா எல்லாம் பெருசா, பக்கத்துல வந்துட்ட மாதிரி தெரியும், ஓரத்துல வர்றது மறைஞ்சுடும். கண்ணாடி உடைஞ்சா மறுபடி குருடு. அதனால "பயப்படாதீங்க" என்று சொல்றது வேலைக்கு ஆகாது. பயப்பட்டது சரிதான், ஆனா பயப்பட வச்ச சாமான் மாறிடுச்சுன்னு காட்டணும்.

அந்தச் சாமான் மாறின கதை மெக்கானிக்கல்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர்ல விமானத்தோட காக்பிட் மூடி உடைஞ்சு, அந்த பிளாஸ்டிக் துணுக்குகள் பைலட்டுங்க கண்ணுக்குள்ள போயிருக்கு. ஹரால்ட் ரிட்லி என்ற இங்கிலாந்து டாக்டர் கவனிச்சார்: துணுக்கு உள்ளேயே கிடக்குது, ஆனா கண்ணு அதை எதிர்க்கல, சீழ் வைக்கல. அது பெர்ஸ்பெக்ஸ், அதாவது நம்ம மெட்டீரியல்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குல வர்ற பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். அதே பொருள்ல ஒரு லென்ஸ் கடைஞ்சு 1949ல லண்டன்ல ஒருத்தர் கண்ணுக்குள்ள வச்சார். சக டாக்டருங்க அவரை ரொம்ப வருஷம் ஏத்துக்கவே இல்ல. கண்ணுக்குள்ள இருக்கிற வேண்டாத பொருளை வெளிய எடுக்கத்தான் படிச்சோம், நீ உள்ள வைக்கிறியேன்னு. பிடிவாதம் பாட்டிங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல பாருங்க.

அப்புறம் மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்துக்காரர், மூட்டுவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போனவர். அந்த விரலாலேயே கண் ஆபரேஷன் பண்ணப் பழகினவர். அரசாங்க வேலையில இருந்து 58 வயசுல ரிட்டையர் ஆகி, 1976ல பதினோரு படுக்கையோட அரவிந்த் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சார். ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள். ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததுல ஆள் தயார். நாம 'லைன் பேலன்சிங்'னு படிக்கிறது அங்க உயிரோட நடக்குது. ஆனா வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகல. அதனால 1992ல ஆரோலேப் என்று மதுரையிலயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க. 1984ல எங்க கொள்ளுப்பாட்டிக்கு அந்த லென்ஸ் கிடைச்சிருக்காது.

இதையெல்லாம் அப்பத்தாகிட்ட சொன்னேன். பைலட்டு கதையை ரசிச்சுக் கேட்டுச்சு. ஆனா அதுக்குத் தெரிய வேண்டியது வேற: "கண்ணை வெளிய எடுத்து வச்சுக் கழுவுவாங்களா?" இது ஊர் பூரா இருக்கிற நம்பிக்கை. இல்ல அப்பத்தா, கண்ணு அங்கயேதான் இருக்கும், உள்ள இருக்கிற லென்ஸுக்கு மெல்லிசா ஒரு உறை உண்டு, உறையில ஒரு சின்ன வாய் வச்சு, உள்ள இருக்கிற அழுக்குப் பருப்பை மட்டும் எடுத்துட்டு, அந்த உறைக்குள்ளேயே புது லென்ஸை வச்சுடுவாங்கன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "அப்ப மொச்சை பிதுக்கற மாதிரி. பருப்பை எடுத்துட்டு தோலை விட்டுடறாங்க."

நான் நாலு வருஷம் படிச்சும் எனக்கு இப்படி ஒரு உவமை வந்திருக்காது. ஊற வச்ச மொச்சையைப் பிதுக்கி எடுக்கிறதைப் பாத்தவங்களுக்கு கேட்ராக்ட் சர்ஜரி பாதி புரிஞ்ச மாதிரி.

ஆனா இத்தனை பேசியும் அப்பத்தா சரின்னு சொன்னது எனக்காக இல்ல. மேலத்தெருவுல கருவாடு விக்கிற ஒரு பாட்டி இருக்காங்க, ரெண்டு கண்ணும் பண்ணிக்கிட்டவங்க. மறுநாள் அவங்களை வரச் சொல்லியிருந்தேன். அப்பத்தா அவங்களை ஒரு போலீஸ் விசாரணையே பண்ணுச்சு. எத்தனை நாள் படுத்த? படுக்கவே இல்ல, மறுநாளே பஸ்ல வந்துட்டேன். இருமினியா? இருமினேன், ஒண்ணும் ஆகல. தையல்? தையலே இல்ல. மணல் மூட்டை? எந்த மணல் மூட்டை? கடைசியா அப்பத்தா, அந்தப் பாட்டி மூஞ்சிக்கு நேரா ரெண்டு விரலை நீட்டி, "இது எத்தனை"ன்னு கேட்டுச்சு. "ரெண்டு. நகத்துல அழுக்கு"ன்னாங்க அந்தப் பாட்டி.

அதுக்கப்புறம் நிபந்தனைகள். ஒரு கண்ணு மட்டும். பூவு கம்மியா இருக்கிற மார்கழிப் பனியில. இலவசம் வேணாம், மகனுங்க காசும் வேணாம், தன்னோட சுருக்குப்பை காசு. இதுல அப்பாவுக்கு மனசு கஷ்டம். "நான் என்ன செத்தா போயிட்டேன்"னாரு. அம்மா அவரைத் தனியா கூட்டிட்டுப் போய் என்னமோ பேசினாங்க, அப்புறம் அவர் வாயைத் திறக்கல. இப்படி சண்டையைத் தனியா கூட்டிட்டுப் போறவங்க வீட்டுக்கு ஒருத்தர் வேணும், பாராட்டு அவங்களுக்கு வர்றதே இல்ல.

நாலாவது நிபந்தனை தீபாவளி அன்னைக்கு வந்துச்சு. அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரும் இருக்கிறப்போ அப்பத்தா சத்தமா சொல்லுச்சு: "எல்லாரும் கேட்டுக்கங்க. என்னைய யாரும் இழுத்துட்டுப் போகல. நானாத்தான் போறேன். நாளைக்கு ஒண்ணு ஆனா, எவளையும் எவனையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." என்னைப் பாத்து இல்ல, நான் இருந்த பக்கமாத் திரும்பி, "எழுதி வச்சுக்கோ"ன்னுச்சு. நான் போன்ல தேதி போட்டு எழுதினேன். அது இன்னும் என் நோட்ஸ் ஆப்ல இருக்கு.

மதுரைக்குப் போன முதல் நாளே ஒரு தடங்கல். சர்க்கரை அதிகம். அது இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. சர்க்கரையைக் குறைச்சுட்டு மூணு வாரம் கழிச்சு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பஸ்ல வர்றப்போ அப்பத்தாவுக்கு ஏக சந்தோஷம், "சாமியே வேணாம்னு சொல்லிடுச்சு"ன்னு. நான் பேசாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆனா மறுநாள் காலையில மாத்திரையை அதுவே கேட்டு வாங்கிப் போட்டுச்சு. துளசி மாடம் எங்க வீட்ல இல்ல, அது ஒரு நிம்மதி.

ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணை அளக்கிறாங்க. அல்ட்ராசவுண்டுல கண்ணோட நீளம், இன்னொரு மெஷின்ல கருவிழியோட வளைவு. பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு: லென்ஸ் பவர் = ஏ − 2.5 × நீளம் − 0.9 × வளைவு. 'ஏ' லென்ஸைப் பொறுத்த எண், ஏறத்தாழ 118. இப்போ மெஷினே புது ஃபார்முலா போட்டுச் சொல்லிடுது. ஆனாலும் காத்திருக்கிற நேரத்துல நான் போட்டுப் பாத்தேன். அப்பத்தா கண்ணு நீளம் 22.8 மில்லிமீட்டர், வளைவு 44. விடை 21.4. ஷீட்ல 21.5ன்னு இருந்துச்சு, லென்ஸ் அரை அரையாத்தான் கிடைக்குமாம். எக்ஸாம் ஹால்ல கூட ஒரு விடை சரியா வந்ததுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல.

சம்மதப் படிவத்தை நர்ஸ் அக்கா சத்தமாப் படிச்சுக் காட்டினாங்க. அப்பத்தா முழுசாக் கேட்டுட்டு, "இதைத்தான் நான் தீபாவளிக்கே சொல்லிட்டேனே"ன்னு சொல்லி கட்டைவிரல் வச்சுச்சு. புருவத்துக்கு மேல எந்தக் கண்ணுன்னு மார்க் போட்டு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. நான் வெளிய உக்காந்து என் நோட்ஸ் ஆப்பைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல வீல்சேர்ல வெளிய வந்துச்சு. "அவ்வளவுதானா? நான் இன்னும் ஆரம்பிக்கலன்னு இருந்தேன்"னுச்சு.

மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. சினிமால வர்ற மாதிரி "தெரியுது, தெரியுது"ன்னு எல்லாம் இல்ல. கொஞ்ச நேரம் கண்ணைக் கொட்டிக் கொட்டி என்னைப் பாத்துட்டு, "மூஞ்சி பூரா பரு"ன்னு சொல்லுச்சு. வீட்டுக்கு வந்ததும் எங்க அம்மா பெருக்கின வீட்டை மூலை மூலையாப் பாத்துட்டு ஒட்டடையைக் காட்டுச்சு. அப்புறம் கண்ணாடியில தன்னைப் பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "எங்க மாமியா மாதிரியே ஆயிட்டேன்"ன்னுச்சு, அவ்வளவுதான்.

சுருக்குப்பையை எடுத்து நூறு ரூபா நோட்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, "இது ஊதாவா?"ன்னு கேட்டப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. புரை பழுத்த லென்ஸ் மஞ்சளும் பழுப்புமா ஆகும், நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிடும். 2018ல அந்த நோட்டு வந்ததுல இருந்து அப்பத்தா அதோட நிறத்தைப் பாத்ததே இல்ல.

இதே கதை மோனே என்ற பிரெஞ்சு ஓவியருக்கும் நடந்திருக்கு. 1912ல புரைன்னு தெரிஞ்சும் பதினோரு வருஷம் தள்ளிப்போட்டார். பிரான்ஸோட பிரதமரா இருந்த கிளெமென்சோ அவரோட நண்பர், அவரே டாக்டருக்குப் படிச்சவர். அவர் மல்லுக்கட்டி மல்லுக்கட்டித்தான் 1923ல, 82 வயசுல, வலது கண்ணுக்கு மட்டும் ஒத்துக்கிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் நிறம் எல்லாம் தப்பாத் தெரியுதுன்னு ஒரே ஆர்ப்பாட்டம். இடது கண்ணுக்குக் கடைசி வரைக்கும் மாட்டேன்னுட்டார். இதை அப்பத்தாகிட்ட சொன்னேன். "வெவரமான ஆளு"ன்னு அவரைப் பாராட்டிடுச்சு. தேவையில்லாம வாயைக் கொடுத்திருக்க வேண்டாம்.

ஒன்றரை மாசம் சொட்டு மருந்து. தலைக்கு ஊத்தக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது, குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது. இதுக்குத்தான் நிஜமான போராட்டம் நடந்துச்சு, அதை எழுதினா இந்த இதழ் பத்தாது. எங்க அம்மா லீவு போட்டு ஊர்லயே இருந்தாங்க. செடியைப் பெரியப்பா பாத்துக்கிட்டாரு. கூலி வாங்கலை, ஆனா அப்பத்தா கணக்குல எழுதி வச்சிருக்கு, அறுவடைக்கு அப்புறம் கொடுக்குமாம்.

போன வாரம் போன் பண்ணுச்சு. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, ஆனா எண்ணு தெரியும். பூவை எடுத்துக்கிட்டு அதுவே கமிஷன் கடைக்குப் போயிருக்கு, ரொம்ப வருஷம் கழிச்சு. தராசு டிஸ்ப்ளேல சிவப்பா எண்ணு ஓடுறதைப் பாத்திருக்கு. ரெண்டு கிலோ நூறு கிராம். கடைக்காரர் நோட்டுல எழுதினது ரெண்டு கிலோ. "எத்தனை வருசமா நூறு நூறா எடுத்தானோ"ன்னு சொல்லி, கடையை மாத்திட்டேன்னுச்சு. குரல்ல கோபம் இருந்துச்சு, அதை விட அதிகமா ஒரு உற்சாகம் இருந்துச்சு.

சரி, இடது கண்ணு எப்ப அப்பத்தான்னு கேட்டேன்.

"பங்குனித் திருவிழா முடியட்டும்."

ஏன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கேன். இன்னும் ரெண்டாவது 'ஏன்'லதான் நிக்கிறோம். கருவாட்டுப் பாட்டிக்கும் சொல்லி வச்சாச்சு.